புதையல் ஆசையில் சுழியோடக் கற்றது: நிலாவெளிப் பயிற்சி நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

"புதையல் தோண்டியவர்கள் கைது" என்பது எங்கள் இலங்கைப் பத்திரிகைகளில் மழைச் செய்தியைப் போல அடிக்கடி வரும் தலைப்பு. பூசைப் பொருட்கள், மண்வெட்டி, அலவாங்கு, எங்கிருந்தோ வாடகைக்கு எடுத்த ஸ்கேனர் இயந்திரம் ஆகியவற்றுடன் நள்ளிரவில் காட்டுக்குள் பிடிபடுகிறவர்களைப் பற்றிப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்த நான், நாற்பத்திரண்டு வயதில், அதே வேலையைக் கடலுக்கடியில் செய்து பார்க்கலாம் என்ற ஆசையோடுதான் திருகோணமலைக்கு அருகிலுள்ள நிலாவெளிக்குப் பேருந்து ஏறினேன். இந்த மதிப்பீடும் அந்த ஆசையின் கண்கொண்டே எழுதப்படுகிறது. மீன் பார்க்கவும் பவளம் பார்க்கவும் சுழியோடக் கற்கிறவர்களுக்கு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எதையாவது தேடி எடுக்க வேண்டும் என்று தண்ணீருக்குள் இறங்க நினைப்பவருக்கு இந்தப் பயிற்சி எந்த அளவுக்கு உதவும் என்பதே என் கேள்வி.

நான் சேர்ந்தது, உலகம் முழுவதும் ஏறத்தாழ ஒரே பாடத்திட்டத்தில் நடத்தப்படும் 'ஓப்பன் வோட்டர்' என்னும் தொடக்கநிலைப் பயிற்சி. நான்கு நாட்கள், ஆழங்குறைந்த நீரில் ஐந்து அமர்வுகள், கடலில் நான்கு இறக்கங்கள். முடிவில் 18 மீற்றர் ஆழம் வரை ஒரு துணையோடு இறங்கலாம் என்ற அட்டை கிடைக்கும். ஒரு இலட்சத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் வாங்கினார்கள். தேடல் பயிற்சிக்கென்று மேலும் ஒரு நாளுக்குத் தனியாகப் பணம் கொடுத்தேன். நிலையத்தின் பெயரை எழுதவில்லை. குறை சொல்லப் போகிறேன் என்பது ஒரு காரணம். கடற்கரை நெடுக உள்ள நிலையங்கள் எல்லாம் பெரும்பாலும் இதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுக்கின்றன என்பது மற்றொரு காரணம்.

கிழக்குக் கரையில் சுழியோடுவதற்கான காலம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை. வாடைக் காலத்தில் கடல் கலங்கி, அலை உயர்ந்து கிடக்கும். அப்போது இந்த நிலையங்கள் பெரும்பாலும் பூட்டியே இருக்கும். கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும் மாதங்களில் காலைப் பொழுது கடல் தட்டில் ஊற்றிய பால் போலக் கிடக்கும். நான் போனது ஜூலை முதற்கிழமை. அந்த நான்கு நாட்களும் காலை பதினொரு மணிக்குள் படகு திரும்பிவிட வேண்டும் என்பதில் நிலையத்தார் கண்டிப்பாக இருந்தார்கள். அதற்கு ஒரு புள்ளி கூடுதலாகக் கொடுக்கலாம்.

முதல் நாள் ஒரு மருத்துவ வினாத்தாள் கொடுத்தார்கள். ஆஸ்துமா, இருதய நோய், காது அறுவைச் சிகிச்சை போன்றவற்றில் ஏதேனும் ஒன்றுக்கு ஆம் என்று எழுதினாலும் வைத்தியரின் கையொப்பம் இல்லாமல் இறங்க விடமாட்டார்கள். அதன் பின்னர் 200 மீற்றர் நீந்திக் காட்ட வேண்டும், பத்து நிமிடம் எதையும் பிடிக்காமல் மிதக்க வேண்டும். வேகம் பார்ப்பதில்லை, ஆறுதலாக நீந்தினாலும் போதும். என்னோடு சேர்ந்த ஓர் இளைஞர் நீந்தத் தெரியாமலே வந்திருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நீச்சல் பழகிக்கொண்டு அடுத்த பருவத்தில் வரச் சொன்னார்கள். சாதாரணமாகப் பணத்தை விட்டுக்கொடுக்காத தொழில் இது என்பதால் இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

பாடநூல் ஆங்கிலத்திலேயே இருந்தது. வகுப்பில் இருந்த ஆறு பேரில் நால்வர் தமிழ் பேசுகிறவர்களாக இருந்தும் தமிழில் ஒரு பக்கக் குறிப்புக்கூட இல்லை. இந்தக் குறையை எங்கள் பயிற்றுநர் தம் வாயால் ஈடுசெய்தார். கடலட்டை பிடிக்கும் தொழிலில் இளமையைக் கழித்து, பின்னர் முறையாகக் கற்றுப் பயிற்றுநரானவர் அவர். நீரழுத்தத்தை விளக்க அவர் சொற்களை நம்பவில்லை. மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்ப் போத்தல் ஒன்றை எங்களோடு கீழே கொண்டு வந்தார். பத்து மீற்றரில் அது பாதியாக நசுங்கி, பிழிந்த துணியைப் போலக் கையில் கிடந்தது. மேலே வந்ததும் 'டொக்' என்ற ஒலியோடு பழைய உருவத்துக்குத் திரும்பியது. பத்து மீற்றருக்கு ஒரு வளிமண்டலம் வீதம் அழுத்தம் கூடுகிறது என்ற பாடம் அந்த ஒலியோடு மனதில் பதிந்துவிட்டது. அதே போத்தலைப் பத்து மீற்றரில் திறந்து, காற்று நிரப்பி, மூடி மேலே கொண்டு வந்தால் என்ன ஆகும் என்று கேட்டார். ஒருவரும் பதில் சொல்லவில்லை. "அதுதான் மூச்சைப் பிடிச்சுக்கொண்டு மேல வாறவன்ர நெஞ்சு," என்றார். மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்ற முதல் விதியை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆழங்குறைந்த நீரில் நடக்கும் பயிற்சிகளை விரைவாகக் கடந்துவிடலாம்: மாஸ்க்கினுள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, சிலிண்டர்க் காற்றை வாய்க்குக் கொண்டுவரும் ரெகுலேற்றர் நழுவினால் கையை வீசித் தேடி எடுப்பது, துணைவரின் உபரிக் குழாயில் மூச்சு வாங்கிக்கொண்டு மேலேறுவது. இவை கைப்பழக்கம், இரண்டாம் நாள் மாலைக்குள் எல்லோருக்கும் வந்துவிட்டது. எனக்கு வராமற்போனது காது. முதற் கடல் இறக்கத்தின் அன்று எனக்கு இலேசான தடிமன் (சளி) இருந்தது. அதை ஒரு பொருட்டாகக் கருதாமல் இறங்கினேன். மூன்று மீற்றரிலேயே வலது காதுக்குள் ஊசி இறங்கியது போல வலித்தது. மூக்கைப் பிடித்து ஊதிச் சமன்செய்ய முயன்றும் காது திறக்கவில்லை. பயிற்றுநர் என் முகத்தைப் பார்த்து, ஒரு மீற்றர் மேலே ஏறச் சைகை காட்டி, அங்கே நிறுத்தி, மறுபடி மெதுவாக இறக்கினார். மேலே வந்தபோது மாஸ்க்கின் அடியில் சில துளி இரத்தம் கிடந்தது. பிழை என்னுடையதுதான். ஆயினும் முதல் நாள் வினாத்தாளோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு நாள் காலையிலும் "தடிமன் இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேட்கும் வழக்கம் அந்த நிலையத்தில் இருந்திருந்தால், நான் அன்று கரையிலேயே இருந்திருப்பேன்.

இந்தப் பயிற்சியில் கொடுத்த பணத்துக்கு முழுப் பெறுமதி கிடைத்தது மிதவையைக் கட்டுப்படுத்தக் கற்ற இடத்தில்தான். முதல் இறக்கத்தில் என் இடுப்பில் எட்டுக் கிலோ ஈயம் கட்டியிருந்தார்கள். நான்காவது இறக்கத்தில் அது ஐந்தாகக் குறைந்தது. உடலில் எந்த மாற்றமும் இல்லை. பதற்றத்தில் நெஞ்சு நிறையக் காற்றை வைத்துக்கொண்டே இருந்ததால் முன்பு மிதந்தேன். அமைதியாக வெளிவிடப் பழகியதும் ஈயம் தேவைப்படவில்லை. மூச்சை உள்ளிழுத்தால் உடல் மெல்ல எழும்பும், வெளிவிட்டால் மெல்ல இறங்கும். இழுத்ததற்கும் எழும்புவதற்கும் இடையே இரண்டொரு வினாடி தாமதம் இருக்கிறது. அந்தத் தாமதத்தை உடல் கணக்கில் எடுக்கப் பழகும் வரை, தரையில் மோதுவதும் பின்னர் கூரைக்குப் பாய்வதுமாகவே ஒருவர் தத்தளிப்பார். மணலுக்கு ஒரு முழம் மேலே, கை கால் அசையாமல், மூச்சாலேயே நிலைத்து நிற்க முடிந்த அந்த முதல் அரை நிமிடத்தில்தான், கடலுக்கடியில் எதையாவது தேடுவது என்றால் என்ன என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. தேடுகிறவன் கடலடியைத் தொடாமல் இருக்க வேண்டும். தொட்டால் மண் எழும்பும். மண் எழும்பினால் கண் போய்விடும்.

அடுத்தது காற்றுக் கணக்கு. சிலிண்டரின் அழுத்தத்தைக் காட்டும் மானியில், அழுத்தத்தின் அலகாக, 'பார்' என்று எழுதியிருக்கும். எங்கள் கடற்றொழிலாளர் பேச்சில் பார் என்றால் கடலடிக் கற்பாறைத் திட்டு. முத்துப்பார் என்ற சொல்லில் உள்ளதும் அதுவே. பாருக்கு மேலே நின்று பாரை எண்ணிக்கொண்டிருப்பது என்று பயிற்றுநர் நாள்தோறும் செய்யும் பகடி ஒன்று இருந்தது. வழக்கமான அலுமினியச் சிலிண்டர் 11 லீற்றர் கொள்ளளவு உடையது. 200 பாரில் நிரப்பினால் ஏறத்தாழ 2,200 லீற்றர் காற்று. ஐம்பது பார் மீதமிருக்கும்போது மேலே இருக்க வேண்டும் என்பதால், செலவு செய்யக்கூடியது 1,650 லீற்றர் மட்டுமே. அமைதியான ஒருவர் தரையில் நிமிடத்துக்கு 20 லீற்றர் மூச்சு விடுகிறார் என்றால், பத்து மீற்றரில் அது 40 லீற்றராகிவிடும்; ஆகவே நாற்பது நிமிடம். என்னைப் போன்ற பதற்றக்காரர் 30 லீற்றர் விட்டால் கீழே அறுபதாகும். அரை மணி நேரத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். என் முதல் இறக்கம் இருபத்தாறு நிமிடத்தில் முடிந்தது, நான்காவது முப்பத்தெட்டு நிமிடம் நீடித்தது. புதையல் தேடுகிறவருக்கு அந்தப் பன்னிரண்டு நிமிட வேறுபாடு எந்த விலை உயர்ந்த கருவியையும் விடப் பெரியது.

கருவிகளைப் பொறுத்தவரை நிலையத்துக்கு நடுத்தர மதிப்பெண்தான் கொடுக்க முடியும். ரெகுலேற்றர்கள் நல்ல நிலையில் இருந்தன. ஆண்டுதோறும் பிரித்துச் சரிபார்த்த அட்டையைக் கேட்டதும் காட்டினார்கள். மிதவையைச் சரிசெய்யக் காற்று ஊதும் மேலாடையான காற்றுச் சட்டை ஒன்றின் ஊதும் பொத்தான் உப்புப் படிந்து ஒட்டிக்கொண்டது. கடலுக்குள் அது அழுந்தியபடியே நின்றால் ஆளை மேலே தூக்கி எறிந்துவிடும். கரையில் பரிசோதித்தபோதே தெரிந்ததால் மாற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் கொடுத்த சிலிண்டரில் 170 பார்தான் இருந்தது. "காணும், காணும்" என்று படகுப் பையன் சொன்னதைப் பயிற்றுநர் ஏற்கவில்லை, வேறு சிலிண்டர் எடுத்துவரச் செய்தார். மாஸ்க்கை மட்டும் சொந்தமாக வாங்குங்கள் என்பது என் அறிவுரை. பலர் முகத்தில் ஏறி இறங்கிய இரவல் மாஸ்க்கின் சிலிக்கன் ஓரம் தளர்ந்து, எனக்கு ஒவ்வோர் இறக்கத்திலும் தண்ணீர் கசிந்தது.

இனித் தேடல் பயிற்சிக்கு வருகிறேன். முறையான சான்றிதழோடு கூடிய 'தேடி மீட்டல்' பயிற்சிக்கு, தொடக்கநிலை அட்டை மட்டும் போதாது. அடுத்த நிலையையோ நீரடித் திசையறிதல் பயிற்சியையோ முடித்திருக்க வேண்டும். எனக்குக் கொடுத்தது சான்றிதழ் இல்லாத ஓர் அறிமுக நாள். பயிற்றுநர் ஒரு பித்தளைப் பூட்டை ஆறு மீற்றர் ஆழ மணலில், எனக்குத் தெரியாத இடத்தில் போட்டுவிட்டு வந்தார். நடுவில் ஒரு முளை அடித்து, அதில் கயிற்றைக் கட்டி, இரண்டு மீற்றர் நீளத்தில் ஒரு வட்டம் சுற்ற வேண்டும். பின்னர் நான்கு மீற்றர், ஆறு மீற்றர் என்று கயிற்றை விட்டுக்கொண்டே போக வேண்டும். பத்து மீற்றர் கயிறு என்றால் 314 சதுர மீற்றர் நிலம். தரையில் அது ஒரு சிறிய வீட்டுக் காணி. நீருக்கடியில் ஒரு சிலிண்டர் காற்று முழுவதையும் விழுங்கிவிடும் பரப்பு.

இருபத்திரண்டு நிமிடம் தேடியும் பூட்டு கிடைக்கவில்லை. பயிற்றுநர் என்னை மூன்றாவது வட்டத்துக்குத் திருப்பி அழைத்துச் சென்று, நான் ஏற்கனவே கடந்துவந்த இடத்தில் கையை வைத்து மணலை விசிறினார். பூட்டு அங்கேயே கிடந்தது. நான் கடந்தபோது என் காற்துடுப்புகள் கிளப்பிய மணலே அதன்மேல் மூடியிருந்தது. படகில் ஏறியதும் அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, கடல்ல அவசரப்பட்டாக் காத்துத்தான் முடியும், ஒண்டும் அம்பிடாது." இரண்டாம் முறை கால்களை முழங்காலில் மடித்து, தவளை உதைப்பது போலப் பக்கவாட்டில் மட்டும் அசைத்து, மணலுக்கு ஒரு முழம் மேலே மிதந்து போனேன். ஒன்பதாவது நிமிடத்தில், மணலிலிருந்து பூட்டின் வளையம் விரல் நகத்தின் அளவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. பித்தளை என்று அதைக் கண்டு சொல்ல முடியவில்லை, மங்கிய பச்சைக் கோடாகத்தான் இருந்தது. நீர் முதலில் சிவப்பைக் குடிக்கும், பின்னர் செம்மஞ்சளையும் மஞ்சளையும் குறைக்கும். டோர்ச் வெளிச்சத்தைப் பாய்ச்சியதும் பூட்டு தன் நிறத்துக்குத் திரும்பியது. பகலிலும் டோர்ச் கொண்டு போக வேண்டும் என்று நூலில் படித்ததன் பொருளை அப்போதுதான் கண்டேன்.

தூக்குவது வேறொரு பாடம். நாங்கள் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது, நங்கூரக் கயிறு கற்பாரில் சிக்கி அறுந்துவிட்டதென்று ஒரு கடற்றொழிலாளர் எங்கள் படகை மறித்துக் கேட்டார். ஒன்பது மீற்றர் ஆழம். நான் ஒரு பக்கத்தில் விலகி நின்று பார்க்க, பயிற்றுநர் இறங்கினார். பன்னிரண்டு கிலோ இரும்பு நங்கூரம் தண்ணீருக்குள் ஏறத்தாழப் பத்தரைக் கிலோவாக நிறுக்கும்; ஒரு லீற்றர் காற்று ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும்; ஆகவே தூக்குப் பையில் பத்தரை லீற்றர் காற்று போதும். பையின் கொள்ளளவு மிகப் பெரிதாக இருந்தால் ஆபத்து. மேலே ஏற ஏறக் காற்று விரிந்து, ஒன்பது மீற்றரில் பத்தரையாக இருந்தது மேற்பரப்பில் இருபது லீற்றராகிவிடும். வேகம் கூடிப் பாய்ந்து, வாயைக் கவிழ்த்து, சுமையை அப்படியே தலைக்கு மேலே விட்டுவிடும். அதனால் சிறிய பையைக் கட்டி, காற்றைச் சிறிது சிறிதாக விட்டு, நங்கூரம் அசையத் தொடங்கிய கணத்தில் நிறுத்தி, அதற்குக் கீழே ஒருபோதும் போகாமல் பக்கத்திலேயே ஏறி வந்தார். தன் காற்றுச் சட்டையை ஊதி அதனால் சுமையைத் தூக்குவதுதான் தொடக்கக்காரர் செய்யும் பெரும் பிழையாம். கை நழுவிச் சுமை கீழே போனால் ஆள் மேலே பறப்பார். நங்கூரத்தைப் படகில் ஏற்றியதும் அதன் சொந்தக்காரர் கயிற்றைத்தான் முதலில் தடவிப் பார்த்தார். "நங்கூரம் போனாலும் பரவாயில்லை அண்ணை, கயிறு புதுசு," என்றார்.

உலோகம் உணரும் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து வரும் நண்பர் ஒருவர் நீருக்குள் ஏறத்தாழ 60 மீற்றர் வரை தாங்கும் கருவி ஒன்றைக் கொண்டு வரவா என்று கேட்டிருந்தார். நிலையத்தார் வேண்டாம் என்று உடனே மறுத்ததோடு, காரணத்தையும் விளக்கினார்கள். உப்புநீர் தானே மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் ஒற்றை அதிர்வெண்ணில் இயங்கும் சாதாரணக் கருவிகள் கடலில் ஓயாமல் பொய்க்குரல் எழுப்பும். துடிப்பு முறையில் இயங்கும் கருவிகள் உப்பைப் பொருட்படுத்தாவிட்டாலும், இரும்பையும் வெள்ளியையும் பிரித்துச் சொல்வதில் மிகவும் பலவீனமானவை. மீன்பிடித் துறைகளை அண்டிய கடலடியில் தூண்டில் ஈயமும் துருப்பிடித்த ஆணியும்தான் குவிந்து கிடக்கும். இவற்றுக்கும் மேலாகச் சட்டம் இருக்கிறது.

சட்டத்தைச் சொல்வதற்கு முன் உண்மையாகவே கிடைத்த ஒரு புதையலைச் சொல்லிவிடுகிறேன். கிரிந்தைக்கு அப்பால், தென்கிழக்குக் கடலில், 'கிரேட் பாசஸ்' என்னும் கற்பாரும் அதன்மேல் 1873ஆம் ஆண்டிலிருந்து எரியும் கலங்கரை விளக்கமும் உள்ளன. 1961இல் மைக் வில்சன் என்பவர் அங்கே படம்பிடிக்கப் போனபோது, சிறிய பித்தளைப் பீரங்கியும் வெள்ளி நாணயங்களும் கண்ணில் பட்டன. ஔரங்கசீப் காலத்தில், ஹிஜ்ரி 1113இல் (கி.பி. 1701–02), சூரத்து நாணயச்சாலையில் அடித்த ரூபாய்கள் அவை. பைகளில் கட்டி ஏற்றிய நாணயங்கள், பை மக்கிய பின்னும் பையின் உருவத்திலேயே ஒன்றோடொன்று ஒட்டி, பவளம் மூடிக் கற்கட்டிகளாகக் கிடந்தன. வெளிப்புறத்து நாணயங்கள் அரிக்கப்பட்டு, உள்ளே இருந்தவற்றைக் காத்திருந்தன. 1963இல் பீற்றர் த்ரொக்மோர்ட்டன் என்ற தொல்லியலாளரையும் அழைத்துக்கொண்டு மறுபடி இறங்கினார்கள். ஆண்டில் சில கிழமைகள் மட்டுமே அந்தக் கடல் ஆளை நெருங்கவிடும். கப்பலின் பெயர்கூட இன்றுவரை உறுதியாகத் தெரியவில்லை. அதைக் கண்டவர்கள் புதையல் தேடிப் போகவில்லை. பல ஆண்டுகள் பழகிய கண்ணும் மிதவையும் அவர்களிடம் இருந்தன. கல்லைக் கல்லல்ல என்று கண்டுகொள்ள அந்தப் பழக்கம் வேண்டும்.

இப்போது அதே கட்டி ஒன்று என் கையில் பட்டால் நான் அதை எடுக்க முடியாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்ட பொருட்கள் தொல்பொருட்களாகக் கொள்ளப்படும். உரிமையாளர் இல்லாது கண்டெடுக்கப்படுபவை அரசுக்கே உரியவை. அனுமதி இல்லாமல் அகழ்வது குற்றம். நிலையத்துக்கு முன்னாலுள்ள புறாத்தீவோ 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அங்கே இறந்த பவளத் துண்டைக்கூட எடுத்து வர முடியாது. இவ்வளவும் தெரிந்திருந்தும் அந்த நிலையம் தன் விளம்பரப் பலகையில் தங்கக் காசுகள் நிறைந்த பெட்டி ஒன்றை வரைந்து வைத்திருப்பது என் பெரிய மனக்குறை. பயிற்றுநரிடம் கேட்டேன். "அதைப் பாத்துத்தானே நீங்களும் வந்தனீங்கள்?" என்று சிரித்தார். பதில் சரியாக இருந்தாலும் பலகை சரியில்லை.

பயிற்சி முடிந்த மறுநாள், தனிக் கட்டணத்தில், திருகோணமலையில் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையின் அடிவாரத்தில் இறங்கினோம். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்ததும், கற்களில் ஒரு பகுதியைக் கோட்டை கட்ட எடுத்ததும், மறு பகுதி மலையிலிருந்து கடலுக்குள் போனதும் இங்கே எல்லோரும் அறிந்த கதை. 1956இல் அறிவியற் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் குழுவில் இருந்த அதே மைக் வில்சன் இந்த அடிவாரத்தில்தான் கோயில் எச்சங்களைக் கண்டார். நாங்கள் இறங்கிய அன்று தெளிவு குறைவு, ஏழெட்டு மீற்றர்தான் தெரிந்தது. மலையிலிருந்து உருண்ட பாறைகளும் கோயிற் கற்களும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. என் மணிக்கட்டு மானியில் 11 மீற்றர் காட்டிய இடத்தில் பயிற்றுநர் ஒரு கல்லைச் சுட்டினார். முதலில் எனக்கு எதுவும் தெரியவில்லை. பூட்டுக்காக மிதந்தது போல அசையாமல் நின்று, டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது, பாசிக்கும் கடற்பஞ்சுக்கும் நடுவே நேர்கோடு ஒன்று எழுந்தது. இயற்கை அவ்வளவு நேராக வெட்டாது. உளி பட்ட விளிம்பு. அந்தக் கோடு ஒரு மூலையில் திரும்பி, இன்னொரு நேர்கோடாகப் பாறைக்கடியில் மறைந்தது. எங்களில் ஒருவரும் அதைத் தொடவில்லை. முப்பது பார் காற்றை அங்கேயே செலவழித்தேன்.

இந்த அட்டையைக் கொண்டு காணக்கூடிய மூழ்கிய கப்பல்கள் எவை என்று கேட்பவர்கள், எதிர்பார்ப்பைச் சிறிது குறைத்துக்கொள்ள வேண்டும். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மீஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 50 மீற்றருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கான 40 மீற்றர் எல்லைக்கே அது அப்பாற்பட்டது; முந்நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்த இடமுமாகும். அதே நாளில் மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ற் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு அண்மையில் 20 மீற்றருக்குச் சற்றுக் கீழே கிடப்பதால், 30 மீற்றருக்கு அனுமதிக்கும் அடுத்த நிலைப் பயிற்சி தேவைப்படும். பழம்பொருளில் உண்மையான நாட்டமுள்ளவர் காலிக்குப் போவது நல்லது. 1659இல் காலித் துறைமுகத்தில் மூழ்கிய அவொன்ட்ஸ்டர் என்ற ஒல்லாந்தர் கப்பலைக் கடல்சார் தொல்லியல் பிரிவினர் நீருக்கடியில் கட்டம் கட்டி, அளந்து, வரைந்து அகழ்ந்தார்கள். எடுத்த பொருட்களை நன்னீரில் ஊறவைத்து உப்பு நீக்கிக்கொண்டிருந்த அவர்களுடைய கூடத்தையும் 2004 கடல்கோள் விட்டுவைக்கவில்லை.

மதிப்பெண்ணைப் பிரித்தே கொடுக்கிறேன். கற்பித்தலுக்கு ஐந்தில் நாலரை; கருவிகளுக்கு மூன்று; தேடல் நாளுக்கு ஐந்துக்கு ஐந்து; விளம்பரத்துக்குப் பூச்சியம். பாதுகாப்பில் ஒரு புள்ளியைக் குறைத்தே ஆக வேண்டும். எங்கள் வகுப்பிலிருந்த இளந்தம்பதியர் கடைசி இறக்கம் முடிந்த மாலையே வாகனம் பிடித்து நுவரெலியாவுக்குப் போகத் திட்டமிட்டிருந்தார்கள். பல நாட்கள் தொடர்ந்து இறங்கியவர் பதினெட்டு மணி நேரத்துக்கு விமானம் ஏறக்கூடாது என்று வகுப்பில் சொன்னவர்கள், 1,868 மீற்றர் உயரத்து ஊருக்கு வீதி வழியாக ஏறுவதிலும் அதே ஆபத்து உண்டு என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். உடலில் கரைந்திருக்கும் நைதரசன், உயரத்தில் அழுத்தம் குறைந்தால் குமிழாகும்; அதற்கு விமானம், வாகனம் என்ற வேறுபாடு தெரியாது. மதியச் சாப்பாட்டில் பேச்சுவாக்கில் இது வெளிவந்த பின்னரே பயிற்றுநர் அவர்களை அன்றிரவு நிலாவெளியிலேயே தங்க வைத்தார். முன்பதிவு செய்கிறவர்கள், கடைசி நாளுக்கு அடுத்த நாளையும் கரையோரத்திலேயே கழிக்கும்படி திட்டமிடுங்கள். வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் படகில் நெரிசல். திங்களில் தொடங்கினால் பயிற்றுநர் ஒருவருக்கு மூன்று பேருக்கு மேல் வராது. நான் அடுத்த மே மாதத்துக்கு, திசையறிதல் பயிற்சிக்காக, ஒரு திங்கட்கிழமைக்கே பதிந்திருக்கிறேன். இம்முறை மாஸ்க் என்னுடையது.